பத்தாயிரம் காரணங்கள் என்கிறது பாட்டு, சொன்னது எத்தனை? இன்றைய ஆராதனைப் பாடல்கள் பற்றி ஒரு விமர்சனம்

இன்றைய ஆராதனைப் பாடல்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்து நிமிடத்தில் பேச்சு ஒரே இடத்துக்கு வந்துவிடும். அந்தக் காலத்துப் பாட்டில் ஆழம் இருந்தது, இப்போது வருவதெல்லாம் சத்தம் என்பார் ஒருவர். பாட்டு மனதைத் தொட்டால் போதாதா, ஆண்டவர் இருதயத்தைத்தானே பார்க்கிறார் என்பார் இன்னொருவர். இரண்டு கட்சியிலும் எனக்குப் பொறுமை இல்லை, ஏனென்றால் இரண்டு பேருமே குறிப்பிட்ட ஒரு பாட்டை எடுத்து வரி வரியாகப் பார்ப்பதில்லை. அதனால் இங்கே பெயர் சொல்லியே பேசப் போகிறேன். ஆஸ்திரேலியாவின் ஹில்சாங், அமெரிக்காவின் பெத்தேல், எலிவேஷன், பேஷன் என்ற நான்கு பெரிய சபைகளிலிருந்து வரும் பாட்டுகள் ஒரு பக்கம், அவற்றுக்கு மாற்று என்று சிலர் கைகாட்டும், உபதேசக் கீர்த்தனை எழுதும் கெட்டி, சிட்டிஅலைட் வகையறா இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் சில தனி ஆட்கள்.

ஒரு பாட்டை அளக்க நான் வைத்திருக்கும் கேள்வி எளிமையானது. துதிக்கச் சொல்கிறாய், சரி, ஏன் துதிக்க வேண்டும் என்று சொன்னாயா? தேவன் என்ன செய்தார் என்று பாட்டுக்குள் எங்காவது இருக்கிறதா? கொலோசெயர் 3:16இல் பவுல், சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லச் சொல்கிறார். பாட்டு என்பது போதிக்கிற காரியம் என்று அவரே எழுதி வைத்திருக்கும்போது, பாட்டில் உபதேசம் தேடுவது இறையியல் கல்லூரிக்காரர்களின் வீண் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. இங்கிலாந்தின் ஆராதனைப் பாடகர் மாட் ரெட்மன் 2011இல் வெளியிட்ட 'டென் தவுசண்ட் ரீசன்ஸ்'. 2013இல் கிராமி இசை விருது வாங்கியது, உலகத்தில் இதைப் பாடாத சபை இருக்கிறதா என்று சந்தேகப்படுகிற அளவுக்குப் பரவியது. 103ஆம் சங்கீதத்தை அடிப்படையாக வைத்து எழுதியது. மெட்டு அருமை. யாருடைய தொண்டைக்கும் பொருந்தும், இரண்டாம் முறை கேட்கும்போதே கூடவே பாடிவிடலாம், கித்தார் ஒன்று இருந்தால் போதும். கடைசிச் சரணம் மரணத்தைப் பற்றிப் பேசுகிறது, பலம் குன்றி முடிவு நெருங்கும் நாளிலும் ஆத்துமா பாடும் என்கிறது. இன்றைய பாட்டுகளில் மரணத்தை நேராகப் பார்ப்பவை குறைவு என்பதால் இதற்கே தனி மதிப்பெண் கொடுக்கலாம். அடக்க ஆராதனையில் இதைப் பாடும்போது அந்தச் சரணம் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆனால் பத்தாயிரம் காரணம் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டு, பாட்டு கொடுக்கும் காரணங்களை எண்ணிப் பாருங்கள். அன்பு மிகுந்தவர், கோபிக்கத் தாமதிப்பவர், பெயர் பெரியது, இருதயம் நல்லது. அவ்வளவுதான். எல்லாம் குணங்கள், செயல் ஒன்றுகூட இல்லை. இப்போது சங்கீதத்தைத் திறங்கள். மூன்றாம் வசனத்திலேயே பட்டியல் ஆரம்பித்துவிடுகிறது: 'அவர் உன் அக்கிரமங்களையெல்லாம் மன்னித்து, உன் நோய்களையெல்லாம் குணமாக்கி', அப்புறம் பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்கிறார், கிருபையினால் முடிசூட்டுகிறார், நன்மையினால் வாயைத் திருப்தியாக்குகிறார். ஆறாம் வசனத்தில் ஒடுக்கப்படுகிற யாவருக்கும் நியாயம் செய்கிறார். பன்னிரண்டில் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள தூரத்துக்குப் பாவங்களை விலக்குகிறார். பதினான்கில் நாம் மண் என்று நினைவுகூருகிறார். இருபத்திரண்டு வசனம் முழுக்கக் காரணங்கள். பாட்டில் பாவம் என்ற சொல்லே கிடையாது, மன்னிப்பு கிடையாது, ஒடுக்கப்பட்டவன் கிடையாது, மண்ணும் கிடையாது. சங்கீதக்காரன் காரணத்தை அடுக்கி அடுக்கித் துதிக்கு வருகிறான், பாட்டு துதியை எடுத்துக்கொண்டு காரணத்தைப் பெரும்பாலும் சங்கீதத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

இதனால் அது மோசமான பாட்டு என்று நான் சொல்லவில்லை, நல்ல பாட்டுதான். 103ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு இதைப் பாடினால் முழுமையாக இருக்கிறது. வாசிக்காமல் பாடினால், ஏற்கெனவே சங்கீதம் தெரிந்தவனுக்கு ஒரு பாட்டு, தெரியாதவனுக்கு வேறொரு பாட்டு. இந்தத் தலைமுறைப் பாடல்களில் மிகச் சிறந்த ஒன்றிலேயே நிலைமை இப்படி என்றால் மற்றவற்றைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் இரண்டு பழைய குற்றச்சாட்டுகளைத் தள்ளிவைத்துவிடுகிறேன், ஏனென்றால் இவை தவறான இடத்தில் அடிக்கின்றன. ஒன்று, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்பது. 136ஆம் சங்கீதத்தில் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்ற வரி இருபத்தாறு வசனத்திலும் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் பரிசுத்தர் பரிசுத்தர் பரிசுத்தர் என்று இரவும் பகலும் ஓய்வில்லாமல் சொல்கிறார்கள். திரும்பச் சொல்வது வேதத்துக்குப் புதிதல்ல. ஆனால் 136ஐக் கவனமாகப் பாருங்கள், பல்லவி வருவதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு புதுச் செயல் வருகிறது. வானங்களை உண்டாக்கினார், எகிப்தியரின் தலைப்பிள்ளைகளைச் சங்கரித்தார், செங்கடலைப் பிரித்தார், சீகோனை அழித்தார், ஓகை அழித்தார், மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறார். பல்லவி இருபத்தாறு முறை வந்தாலும் ஒவ்வொரு முறையும் கனம் கூடுகிறது. நம் பாட்டில் பிரிட்ஜை, அதாவது கடைசிக் கோரஸுக்கு முன்னால் வரும் இணைப்புப் பகுதியை, எட்டு முறை பாடும்போது கூடுவது டிரம்ஸின் சத்தம் மட்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு, எல்லாம் நான், எனக்கு, என்னுடைய என்று இருக்கிறது என்பது. சங்கீதப் புத்தகத்தில் நான் இல்லையா? 23, 51, 42, எல்லாம் நான்தான். 51இல் 'நான்' வந்து நிற்பது தன் மீறுதலோடு. இப்போதைய பாட்டில் 'நான்' வந்து நிற்பது பெரும்பாலும் தன் உணர்ச்சியோடு. சண்டை போடுவதாக இருந்தால் அதற்காகப் போடலாம்.

அடுத்தது ஹில்சாங்கின் 'வாட் எ பியூட்டிஃபுல் நேம்', 2016. இதைப் பென் ஃபீல்டிங்கும் புரூக் லிகர்ட்வுட்டும் எழுதினார்கள், 2018இல் கிராமி கிடைத்தது. ஹில்சாங் என்ற பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். முதல் சரணம் யோவான் 1:1இல் ஆரம்பிக்கிறது, ஆதியிலே இருந்த வார்த்தை. இரண்டாம் சரணம் பாவத்தையும் அதைவிடப் பெரிய அன்பையும் சொல்லி ரோமர் 8இன் கேள்விக்குப் போகிறது, இனி யார் நம்மைப் பிரிப்பான். பிரிட்ஜில் மரணத்தால் அவரைப் பிடித்துவைக்க முடியவில்லை, திரைச்சீலை கிழிந்தது, அவர் உயிரோடு எழுந்தார். கோரஸ்கூட அப்படியே திரும்புவதில்லை, ஒவ்வொரு முறையும் நாமத்துக்கு ஒரு அடைமொழி மாறி, அழகிலிருந்து அதிசயத்துக்கும் அங்கிருந்து வல்லமைக்கும் ஏறுகிறது. சரணம் படைப்பைச் சொன்ன பிறகு அழகு, மீட்பைச் சொன்ன பிறகு அதிசயம், உயிர்த்தெழுதலைச் சொன்ன பிறகு வல்லமை. யோசித்துச் செய்த வேலை.

இதில் இசையமைப்பையும் கேட்க வேண்டும். பிரிட்ஜில் டிரம்ஸ் ஏறுகிறதே, அந்த இடத்தில் வார்த்தையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள், கல்லறை திறக்கிறது. சத்தம் ஏறுவதற்குப் பாட்டுக்குள்ளேயே ஒரு சம்பவம் இருக்கிறது. மற்ற பல பாட்டுகளில் இதே ஏற்றம் அப்படியே வருகிறது, டிரம்ஸ் நின்று சிந்தசைசரின் நீண்ட நாதம் மட்டும் கேட்கிறது, பாடுபவர் கிசுகிசுக்கிறார், பிறகு ஃப்ளோர் டாம் மெல்ல ஆரம்பிக்கிறது, எட்டு பாருக்குப் பிறகு எல்லாம் ஒன்றாக வெடிக்கிறது, சபை கையைத் தூக்குகிறது. ஆனால் அந்த நேரத்தில் வார்த்தையில் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் உயிர்த்தெழவில்லை, யாரும் மன்னிக்கப்படவில்லை. நீர் நல்லவர், நீர் நல்லவர். உடம்புக்குப் புல்லரிக்கிறது, அந்தப் புல்லரிப்பு பரிசுத்த ஆவியானவருடைய வேலை என்று பெயர் வாங்கிக்கொள்கிறது. எனக்கு உண்மையான கவலை இதில்தான். மெல்லிசையில் ஏற்றம் வைத்தால் யாருக்கும் புல்லரிக்கும், கால்பந்து மைதானத்திலும் புல்லரிக்கும்.

அதே 'பியூட்டிஃபுல் நேம்' பாட்டில் நாங்கள் இல்லாத பரலோகத்தை நீர் விரும்பவில்லை என்ற பொருளில் ஒரு வரி வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் சண்டை போட்டார்கள். தேவனுக்கு ஏதோ குறை இருந்தது, அதை நிரப்ப நாம் தேவைப்பட்டோம் என்று ஆகிவிடாதா என்பது வாதம். யோவான் 17:24இல் இயேசு, பிதா தமக்குத் தந்தவர்கள் தம்முடனேகூட இருக்க விரும்புகிறேன் என்று ஜெபிக்கிறார். விருப்பம் வேறு, தேவை வேறு. அந்த வரியை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஹில்சாங்கிலிருந்தே இன்னொன்று, 2019இல் வந்த 'கிங் ஆஃப் கிங்ஸ்'. இருளில் காத்திருந்த மனிதர், கன்னியின் வயிற்றில் பிறப்பு, சிலுவை, மூன்றாம் நாள், சபையின் பிறப்பு என்று சரணத்துக்குச் சரணம் கதை நகர்கிறது, ஏறக்குறைய விசுவாசப் பிரமாணத்தை மெட்டோடு சொல்வதுதான். கோரஸில் பிதா, குமாரன், ஆவியானவர் மூவரும் வருகிறார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். லெஸ்டர் ரூத் என்ற ஆராதனை வரலாற்று அறிஞர் 1989 முதல் 2004 வரை அதிகம் பாடப்பட்ட பாட்டுகளை எடுத்து ஆராய்ந்தபோது, மூவரையும் பெயர் சொல்லி அழைத்த பாட்டுகளை விரல்விட்டு எண்ணும் நிலை. பெரும்பாலானவை 'நீர்' என்று ஆரம்பித்து 'நீர்' என்றே முடிகின்றன, எந்த நீர் என்று பாட்டுக்கே தெரியாது. சில காதல் பாட்டுகளில் பெயரை மாற்றினால் ஆராதனைக்கு வந்துவிடும் என்று கிண்டல் செய்வார்களே, அந்தக் கிண்டலில் உண்மை இருக்கிறது.

'ஓஷன்ஸ்' பற்றிச் சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். 2013, ஹில்சாங் யுனைடெட், ஏறக்குறைய ஒன்பது நிமிடம், பில்போர்டின் கிறிஸ்தவப் பாடல் பட்டியலில் 61 வாரம் முதலிடம். பேதுரு கடலின் மேல் நடந்த சம்பவம். மத்தேயு 14இல் பேதுரு நடந்தான், காற்றைப் பார்த்தான், பயந்தான், அமிழ்ந்தான், 'ஆண்டவரே, என்னை இரட்சியும்' என்று கத்தினான். பாட்டு நடப்பதில் ஆரம்பித்து, கால் தவறலாம், பயம் சூழலாம் என்பதுவரை வந்து, அங்கிருந்து நேராக நம்பிக்கைக்குத் தாவிவிடுகிறது. அமிழ்வதும் கத்துவதும் காணாமல் போயிற்று. அற்ப விசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய் என்ற கேள்வியும் போயிற்று. அந்தக் கதையின் நடுப்புள்ளியே அமிழ்வதுதானே? எல்லையில்லாத விசுவாசம் வேண்டும் என்று பாடுகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பளவு தண்ணீரில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவர்கள், அவர்களுக்குப் பேதுருவின் அலறலைக் கொடுத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

சரி, மறுபக்கம். கீத் கெட்டியும் ஸ்டூவர்ட் டவுனெண்டும் 2001இல் தந்த 'இன் கிரைஸ்ட் அலோன்' இந்தத் தலைமுறையின் அளவுகோல் என்று பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். கோரஸ் கிடையாது. நான்கு சரணம், ஒன்றன்பின் ஒன்றாக. மூலைக்கல், குழந்தையாக வந்த தேவன், சிலுவை, கல்லறை, உயிர்த்தெழுதல், வாழ்வில் குற்றமில்லை சாவில் பயமில்லை, திரும்பி வருவார். பாடுபவர் நடுவில் எங்கும் நின்று தன் உணர்ச்சியைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் நான்காம் சரணத்துக்கு வரும்போது உணர்ச்சி தானாக வருகிறது, ஏனென்றால் மூன்று சரணம் அதற்குப் பாதை போட்டிருக்கிறது.

இந்தப் பாட்டுக்கு நடந்த ஒரு கதை இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் பெரிய பிரெஸ்பிட்டேரியன் சபைப் பிரிவு 2013இல் புதிய பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தது. இரண்டாம் சரணத்தில் சிலுவையில் தேவனுடைய கோபம் தணிந்தது என்ற வரிக்குப் பதிலாகத் தேவனுடைய அன்பு மகிமைப்பட்டது என்று மாற்றிப் போட அனுமதி கேட்டார்கள். எழுதியவர்கள் மறுத்துவிட்டார்கள். குழு வாக்கெடுப்பு நடத்தியது, ஒன்பதுக்கு ஆறு, பாட்டு புத்தகத்துக்கு வெளியே போனது. யார் பக்கம் சரி என்பதை இங்கே தீர்க்க வேண்டாம். ரோமர் 3:25இல் வரும் கிருபாதாரபலி, அதாவது கிறிஸ்துவின் பாவநிவாரண பலி பற்றிச் சபைகளுக்குள் காலங்காலமாக இருக்கும் வாதம் அது. நான் பார்ப்பது வேறு. ஒரு வரிக்காக இரண்டு பக்கமும் நின்றுவிட்டன, ஒருவர் மாற்ற மறுத்தார், மற்றவர் அதைப் பாட மறுத்தார். அந்த வரி ஏதோ ஒன்றைச் சொன்னது, அதனால் அதை மறுக்க முடிந்தது. இன்று சபைகளில் அதிகம் பாடப்படும் பாட்டுகளின் பட்டியலில் முதல் இருபத்தைந்தை எடுத்து, எந்த வரியை ஒரு குழு உட்கார்ந்து வாக்கெடுத்து நீக்கும் என்று தேடிப் பாருங்கள். நிறைய வரிகளை யாரும் மறுக்க மாட்டார்கள், கிறிஸ்தவனாக இல்லாதவன்கூட மறுக்க மாட்டான்.

ஆனால் இந்தப் பக்கமும் குறையில்லாமல் இல்லை, இதை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இன்றைக்கு வரும் புதுக் கீர்த்தனைகளில் பல, ஞாபகம் வைத்துக்கொள்ள எழுதிய வேதபாடக் குறிப்புக்கு மெட்டுப் போட்டதுபோல் இருக்கின்றன. நீதிமானாக்கப்படுதல் ஒரு வரியில், பரிசுத்தமாக்கப்படுதல் அடுத்த வரியில், மகிமைப்படுத்தப்படுதல் எதுகைக்காக மூன்றாம் வரியில். எல்லாம் சரி, ஒன்றும் தவறில்லை, ஒரு உருவகம்கூட நினைவில் நிற்கவில்லை. சத்தியம் இருந்தால் கவிதை தேவையில்லை என்று யார் சொன்னது? சங்கீதங்களில் மான் தாகப்படுகிறது, ஆறுகள் கைகொட்டுகின்றன, எலும்புகள் உலருகின்றன. ஆழம் என்பது கலைச்சொல்லின் எண்ணிக்கை இல்லை.

இதில் நல்ல விதிவிலக்கு சிட்டிஅலைட். சிட்னியில் காசில் ஹில்லில் உள்ள ஒரு ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வருகிறார்கள். 2018இல் வந்த 'யெட் நாட் ஐ பட் த்ரூ கிரைஸ்ட் இன் மி' கலாத்தியர் 2:20இல் நிற்கிறது, இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைக்கிறார். பாட்டின் சுருதியைச் சபை பாடும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள், இது சின்ன மரியாதை மாதிரித் தெரிந்தாலும் பெரிய விஷயம். பெரிய மேடைப் பாட்டுகள் உயர்ந்த ஆண் குரலுக்கு எழுதப்படுகின்றன, சரணம் அடிவயிற்றில், இரண்டாம் கோரஸ் ஒரு ஸ்தாயி மேலே. சாதாரண ஆள் முதலில் முணுமுணுக்கிறார், அப்புறம் நிறுத்திவிட்டு மேடையைப் பார்க்கிறார். ஒருவருக்கொருவர் போதித்து என்று பவுல் சொன்னது, ஒருவர் பாட மற்றவர் பார்த்து என்று ஆகிவிடுகிறது. சிட்டிஅலைட்டில் என் குறை, பத்துப் பாட்டை வரிசையாகக் கேட்டால் எது எது என்று பிரிப்பது கஷ்டம். ஒரே வேகம், ஒரே பியானோ.

என் பட்டியலில் முதலிடம் இவை எதற்கும் இல்லை. அமெரிக்கப் பாடகர் ஆண்ட்ரூ பீட்டர்சனின் 'இஸ் ஹி வொர்த்தி', 2018. வெளிப்படுத்தின விசேஷம் ஐந்தாம் அதிகாரம். முத்திரை போட்ட புஸ்தகத்தைத் திறக்கப் பாத்திரவான் ஒருவனும் காணப்படாததால் யோவான் மிகவும் அழுகிறானே, அந்த அழுகையின் பக்கத்திலிருந்து பாட்டு ஆரம்பிக்கிறது. பாடுபவர் கேட்கிறார், சபை பதில் சொல்கிறது. உலகம் உடைந்திருப்பதை உணர்கிறீர்களா, உணர்கிறோம். நிழல் ஆழமாவதை உணர்கிறீர்களா, உணர்கிறோம். துதி ஆரம்பிக்கும் முன்னால் உடைந்ததை ஒத்துக்கொள்ள வைக்கிறது. பிறகுதான் யூதா கோத்திரத்துச் சிங்கம், ஆட்டுக்குட்டி, இரத்தத்தால் மீட்ட ஜனங்கள், கடைசியில் பாத்திரரா என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குச் சபை சொல்லும் ஆம், சம்பாதித்த ஆம். பதில் பகுதியை மேடையில் இருக்கும் பின்பாட்டுக்காரர்களே பாடி முடித்துவிடும் இடங்களில் இந்தப் பாட்டு பாதியாகச் செத்துவிடும், அதனால் பயன்படுத்துபவர்கள் மைக்கைக் கொஞ்சம் அணைத்துவிட்டுப் பதிலைச் சபைக்கு விடுங்கள்.

அழுகை என்றதும் இன்னொரு ஓட்டை ஞாபகம் வருகிறது. சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல். 88ஆம் சங்கீதம் விடியலே இல்லாமல் இருட்டில் முடிகிறது, அதையும் சபை பாடட்டும் என்றுதான் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். இன்றைய பாட்டு வரிசையில் அந்தப் பங்கு எங்கே? ரெட்மன் தம்பதியின் 'பிளெஸ்ட் பி யுவர் நேம்', 2002, இந்தக் குறையைத் தெரிந்தே எழுதப்பட்டது. யோபு 1:21, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். வேதனைப் பாதை என்று வெளிப்படையாக ஒரு சரணம் வைத்ததே அந்தக் காலத்துக்குத் தைரியம். ஆனால் பெரும்பாலும் அதைத் துள்ளலாக, கைதட்டிப் பாடுகிறோம். வேதத்தில் மிகத் துக்கமான வாக்கியங்களில் ஒன்றுக்குக் கைதட்டு. அதோடு யோபு புத்தகத்துக்கு 42 அதிகாரம் இருக்கிறது, பாட்டு முதல் அதிகாரத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறது. மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதற்கு எந்தப் பாட்டைப் போடுவது?

நைஜீரியப் பாடகி சினாக் 2015இல் தந்த 'வே மேக்கர்' பற்றி எனக்கு இரண்டு மனம். வழி உண்டாக்குகிறவர், அற்புதம் செய்கிறவர், வாக்குத்தத்தம் காக்கிறவர், இருளில் ஒளி, பட்டங்களின் வரிசைதான், எந்த வழி எந்த அற்புதம் என்று பாட்டு சொல்வதில்லை. என் கேள்விப்படி பார்த்தால் தோற்க வேண்டும். ஆனால் 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இது பாடப்பட்ட விதத்தைப் பார்த்தவர்களால் அப்படி எளிதாகத் தள்ள முடியாது, காரணத்தைப் பாடியவர்களே கொண்டுவந்தார்கள். கண்ணுக்குத் தெரியாதபோதும் வேலை செய்கிறார் என்று வரும் பகுதி, பட்டத்தை விட்டுவிட்டுச் செயலுக்கு வரும் இடம், பாட்டு நிற்பது அதில்தான்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? எழுதுபவர்களுக்கு வேதம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. 2010க்கும் 2020க்கும் இடையில் முன்னணிப் பட்டியல்களில் வந்த 38 பாட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் சிலர் பார்த்தபோது, 36 பாட்டுகள் மேலே சொன்ன அந்த நான்கு சபைகளோடு ஏதோ ஒரு விதத்தில் தொடர்புடையவை. நான்கு இடத்தின் ருசிதான் உலகத்தின் ருசி. அங்கே ஆயிரக்கணக்கானோர் நிற்கும் அரங்கில் நேரடியாகப் பதிவு செய்கிறார்கள், அரங்குக்கு ஏற்றது ஏற்றமும் வெடிப்பும். நான்கு சரணத்துக் கதையை அரங்கு கேட்காது. அதோடு பாட்டின் ஆயுளும் குறைந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிரபலமான பாட்டு பத்துப் பன்னிரண்டு வருடம் சபையில் இருந்தது, இப்போது மூன்று நான்கு வருடம். மூன்று வருடத்தில் கைவிடப்படும் பாட்டுக்கு, ஐந்தாம் வருடத்தில் புரியும் வரி எதற்கு என்று எழுதுபவருக்கே தோன்றிவிடும்.

அந்தச் சபைகளின் உபதேசம் பிடிக்கவில்லை, பாட்டைப் பாடினால் உரிமத் தொகை அவர்களுக்குப் போகிறது, அதனால் பாடமாட்டோம் என்று முடிவெடுத்த போதகர்கள் உண்டு. அவர்கள் மனசாட்சி அது, மதிக்கிறேன். நான் பாட்டைப் பாட்டாகத்தான் பார்க்கிறேன்.

பழைய பாட்டுக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவதற்குள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கீர்த்தனைக்காரர் சார்லஸ் வெஸ்லி ஆறாயிரத்துக்கும் மேல் பாட்டு எழுதினார், இன்று பாடப்படுவது அதில் ஒரு சின்னத் துளி. அவருக்கு முந்திய ஐசக் வாட்ஸ் 1707இல் தன் பாட்டுகளைப் புத்தகமாகப் போட்டபோது, தாவீதின் சங்கீதம் இருக்க மனிதன் எழுதிய பாட்டு எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1912இல் வந்த 'இன் தி கார்டன்' நூறு வருடம் தாண்டியும் பிரியமாகப் பாடப்படுகிறது, அதில் சிலுவையும் இல்லை, பாவமும் இல்லை, பனித்துளியும் ரோஜாவும் ஒரு தனிமையான சந்திப்பும்தான் இருக்கின்றன. பழையது என்பதால் ஆழம் வந்துவிடாது, காலம் சல்லடை போட்டு மிச்சம் வைத்ததை வைத்துக்கொண்டு போன வருடம் வந்ததோடு ஒப்பிடுவது நியாயமான போட்டி இல்லை.

ஆராதனைக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு: வரிசையில் ஒரு 'கிங் ஆஃப் கிங்ஸ்' இருக்கட்டும், ஒரு 'இஸ் ஹி வொர்த்தி' இருக்கட்டும், 'டென் தவுசண்ட் ரீசன்ஸ்' பாடுவதாக இருந்தால் 103ஆம் சங்கீதத்தை முழுதாக, அவசரப்படாமல், ஒருவர் வாசித்துவிட்டுப் பாடுங்கள். 'ஓஷன்ஸ்' தனியாகக் கேட்க நல்லது, சபையாகப் பாட நீளம். நேரடிப் பதிவுகளை வைத்துப் பாட்டைத் தீர்மானிக்காதீர்கள், ஒரே ஒரு கித்தார் அல்லது பியானோவோடு பாடிய பதிப்பைத் தேடிக் கேளுங்கள். டிரம்ஸை எடுத்த பிறகும் பாட்டில் சொல்வதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால் அடுத்த ஞாயிறு வரிசையில் சேருங்கள், சுருதியை மட்டும் இரண்டு அரைச்சுரம் இறக்கிக்கொள்ளுங்கள்.